ஏலம் போகும் வேட்டை அனுமதி: கணக்குப் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், ஒரே ஒரு பெருங்கொம்புக் காட்டாட்டுக் கிடாவை வேட்டையாடும் அனுமதியை ஆண்டுதோறும் பொது ஏலத்தில் விடும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருந்துவருகிறது. மொன்டானா மாநிலத்தின் அத்தகைய அனுமதி 2013இல் 4,80,000 டாலருக்கு ஏலம் போனது. அதே மாநிலத்தில் குடியிருக்கும் ஒருவருக்கு, அதே விலங்குக்கான உரிமம் குலுக்கலில் விழுந்தால் அவர் கட்டும் தொகை 125 டாலர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவுடன், மக்களுக்குச் சொந்தமான விலங்கைப் பணக்காரருக்கு விற்றுவிட்டார்கள் என்று ஒரு தரப்பு கொதிக்கிறது; ஒரு கிடாவைக் கொடுத்து ஒரு மந்தையைக் காப்பாற்றுகிறோம் என்று மறுதரப்பு பெருமை கொள்கிறது. இரு தரப்பும் ஏலத் தொகையை மட்டுமே பார்த்துப் பேசுவதால், விவாதம் பெரும்பாலும் தவறான இடத்தில் தொடங்கித் தவறான இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

முதலில் களைய வேண்டிய குழப்பம், நிலத்தையும் விலங்கையும் ஒரே உடைமையாகக் கருதுவது. மேற்கு மாநிலங்களின் பொது நிலத்தில் மிகப் பெரும் பகுதி கூட்டாட்சி அரசுக்குரியது. நெவாடாவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கும், யூட்டாவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும் அப்படிப்பட்ட நிலமே. ஆனால் அந்த நிலத்தில் மேயும் மானையும் காட்டாட்டையும் மக்களின் பொருட்டுப் பொறுப்பேற்றுப் பராமரிப்பதும், எத்தனை விலங்குகளை யார் வேட்டையாடலாம் என்று முடிவு செய்வதும் மாநில அரசின் அதிகாரம். ஆகவே, மாநிலம் விற்கும் அனுமதியின் பணம் பெரும்பாலும் மாநில வனவிலங்குத் துறைக்கும் அதன் திட்டங்களுக்கும் போகுமே தவிர, கூட்டாட்சி நிலத்தை நிர்வகிக்கும் அலுவலகத்தின் கல்லாவுக்குப் போவதில்லை. பொது நிலம் வாங்குவதற்கான பெரிய நிதி வேறோர் இடத்திலிருந்து வருகிறது: கடலடி எண்ணெய், எரிவாயு உரிமைத் தொகையிலிருந்து நிலம் மற்றும் நீர்ப் பாதுகாப்பு நிதிக்கு ஆண்டுக்கு 90 கோடி டாலர் ஒதுக்குவதை 2020ஆம் ஆண்டின் சட்டம் நிரந்தரமாக்கியது. வேட்டை ஏலம் நின்றால் பொது நிலமே பறிபோகும் என்று எவரேனும் சொன்னால், அவர் இந்த இரண்டு பைகளையும் கலந்துவிட்டார் என்று பொருள்.

நிலமும் ஏலமும் நேரடியாகச் சந்திக்கும் இடங்களும் உண்டு. அவற்றுள் பெயர் பெற்றது யூட்டாவின் கிரேட் சால்ட் ஏரியிலுள்ள ஆன்டிலோப் தீவு. அது ஒரு மாநிலப் பூங்கா. அங்குள்ள மியூல் மான்கள் (பெரிய காதுகள் கொண்ட மேற்கு அமெரிக்க மானினம்) மனிதரைக் கண்டு மிரளாதவை. சால்ட் லேக் சிட்டியிலிருந்து குடும்பத்துடன் வருவோர் காரின் சன்னலிலிருந்தே அவற்றைப் படம் பிடிப்பார்கள். 2011இல் அந்தத் தீவில் மியூல் மானுக்கும் பெருங்கொம்பு ஆட்டுக்கும் மிகச் சில அனுமதிகள் திறக்கப்பட்டன. ஒரு பங்கு ஏலத்துக்கு, ஒரு பங்கு பொதுக் குலுக்கலுக்கு என்பது ஏற்பாடு. தீவின் ஒரு மானுக்கான ஏலம் சில ஆண்டுகளில் நான்கு லட்சம் டாலர் அளவுக்கு உயர்ந்தது. அந்தப் பணம் தீவின் வாழிடப் பணிகளுக்குப் பயன்பட வேண்டும் என்பதே திட்டத்தின் அடிப்படை என்பதால், இத்தகைய இடத்தில் மட்டும் பொது நிலத்துக்கு நிதி என்ற சொல் பொருத்தமாக நிற்கிறது.

அடுத்த தவறு, விலையைப் பார்த்து மலைத்துவிட்டு எண்ணிக்கையைப் பார்க்க மறப்பது. ஒரு வேட்டைப் பகுதியில் 20 அனுமதிகளும் 4,000 விண்ணப்பதாரர்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ஒன்றை ஏலத்துக்கு எடுத்துவிட்டால், குடிமகனின் வாய்ப்பு 200இல் ஒன்று என்பதிலிருந்து ஏறத்தாழ 210இல் ஒன்று என்று குறையும். பெரும்பாலோர் அதை உணரக்கூட மாட்டார்கள். மொத்தமே இரண்டு அனுமதிகள் உள்ள இடத்தில் ஒன்றை எடுத்தால் வாய்ப்பு சரிபாதியாகிறது. ஏலத் தொகை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம், குடியிருப்போர் இழப்பது ஒன்றல்ல. ஆகவே ஒரு மாநிலத்தின் திட்டம் நியாயமானதா என்று அறிய விரும்புகிறவர், ஏலத் தொகையைக் கேட்பதற்கு முன், ஒவ்வோர் இனத்திலும் எத்தனைக்கு எத்தனை ஏலத்துக்குப் போகிறது என்ற விகிதத்தைக் கேட்க வேண்டும். அரிசோனா ஓர் இனத்துக்கு ஆண்டுக்கு மூன்று சிறப்பு அனுமதிகள் என்று சட்டத்திலேயே வரம்பு கட்டியிருக்கிறது. யூட்டாவில் இப்படி ஒதுக்கப்படும் அனுமதிகள் பல இனங்களையும் சேர்த்து நூற்றுக்கணக்கில் உள்ளன. 2012இல் அரிசோனாவில் 350 சிறந்த அனுமதிகளை ஓர் அமைப்பின் கையில் கொடுக்க வழி செய்யும் மசோதா வந்தபோது, சாதாரண வேட்டைக்காரர்களே திரண்டு எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது. மூன்றைப் பொறுத்துக்கொண்ட அதே மக்கள்தான் 350ஐ எதிர்த்தார்கள் என்பதை, எதிர்ப்பாளர்கள் எல்லோரையும் பாதுகாப்புக்குப் பகைவர்களாகச் சித்திரிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

பணக் கணக்கிலும் இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. ஒன்று, ஏலத்தில் அறிவிக்கப்பட்ட தொகை முழுவதும் மாநிலத்தின் கையில் வந்து சேர்ந்ததாக எண்ணுவது. ஏலத்தை நடத்துவது பெரும்பாலும் துறை அல்ல. தன்னார்வ வேட்டை அமைப்புகள். யூட்டாவின் விதிப்படி, ஒரு லட்சம் டாலருக்கு ஓர் அனுமதி விற்றால், 30,000 டாலர் துறைக்குத் திரும்பும். 60,000 டாலர் துறை ஒப்புதல் அளித்த திட்டங்களுக்காக அமைப்பிடமே இருக்கும். 10,000 டாலர் வரை நிர்வாகச் செலவுக்கு அமைப்பு வைத்துக்கொள்ளலாம். அரிசோனாவில் முழுத் தொகையும் திரும்ப வர வேண்டும். இரண்டு முறைகளும் சட்டப்படி சரியானவையே. ஆனால் நடுவிலுள்ள அந்த 60,000 எந்த ஆண்டில், எந்த மலையில், எந்த வேலைக்குச் செலவானது என்று ஒரு குடிமகன் கேட்டால் உடனே எடுத்துக்காட்டும் கணக்கு இருக்கிறதா என்பதில்தான் ஒரு திட்டத்தின் நாணயம் தெரியும்.

மற்றது, ஒரு டாலர் நான்கு டாலராகப் பெருகும் என்ற வாதம். இது முழுப் பொய்யன்று, அதனாலேயே எளிதில் ஏமாற்றிவிடும். 1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி, துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் விதிக்கப்படும் 10 முதல் 11 விழுக்காடு கலால் வரி மாநிலங்களுக்குப் பிரித்தளிக்கப்படுகிறது. மாநிலம் ஒரு பங்கு போட்டால் கூட்டாட்சி அரசு மூன்று பங்கு தரும். ஏலப் பணத்தை அந்த ஒரு பங்காகக் காட்ட முடியும். ஆனால் ஒரு மாநிலத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை அது போடும் பங்கு தீர்மானிப்பதில்லை. பாதி, மாநிலத்தின் பரப்பளவைப் பொறுத்தது. மறுபாதி, கட்டணம் செலுத்தி உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. தன் பங்கைப் போடுவதற்குப் பணம் இல்லாமல் ஒரு மாநிலம் தவித்தால் மட்டுமே ஏல டாலர் மூன்று டாலரைக் கூடுதலாக இழுத்து வரும். ஏற்கெனவே முழு ஒதுக்கீட்டையும் பெற்றுவரும் மாநிலத்தில் அது ஒரு டாலராகவே இருக்கும்.

இந்தச் சூத்திரத்தைக் கூர்ந்து பார்த்தால், நிதி ஒரு பக்கம், குடியிருப்போரின் வாய்ப்பு மறுபக்கம் என்று எதிரெதிராக நிறுத்துவதே மிகப் பெரிய தவறு என்பது விளங்கும். நான்கு லட்சம் டாலர் கொடுத்தவர் உரிமக் கணக்கில் ஒரே ஓர் ஆள். குலுக்கலில் பெயர் வராமல் ஆண்டுதோறும் ஏமாந்தாலும் விடாமல் விண்ணப்பிக்கும் ஆயிரக்கணக்கானவர்கள், ஒவ்வோர் ஆண்டும் உரிமக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், தோட்டாவின் மீதான வரி என மூன்று வழிகளில் செலுத்துகிறார்கள். அரிசோனா, யூட்டா போன்ற இடங்களில் குலுக்கலில் கலந்துகொள்வதற்கே உரிமம் வாங்கியிருக்க வேண்டும். தலைக்கணக்கில் அவர்கள் ஒவ்வொருவரும் மாநிலத்தின் கூட்டாட்சிப் பங்கைச் சிறிது உயர்த்துகிறார்கள். இனி நமக்கு வராது என்று மனம் வெறுத்து அவர்களில் ஒரு பகுதியினர் விலகிவிட்டால், அந்த இழப்பு எந்த ஏல மேடையிலும் அறிவிக்கப்படாது. சில ஆண்டுகள் கழித்துத் துறையின் வரவுசெலவில் ஒரு பள்ளமாக மட்டுமே தெரியும். ஆகவே குடியிருப்போருக்கு வாய்ப்பை விட்டுவைப்பது, நிதிக்கு எதிராகச் செய்யும் தியாகம் அல்ல. அதுவே நிதியின் பெரும் பகுதி. பெருங்கொம்பு ஆடு போன்ற ஒற்றை இனத்துக்கான செலவில் ஏலப் பணம் முக்கியப் பங்கு வகிக்கிறது என்பதையும் இதனோடு சேர்த்தே சொல்ல வேண்டும். நோய்ப் பரிசோதனை, மந்தையை இடம் மாற்றுதல், வறண்ட மலையில் நீர்த்தொட்டி அமைத்தல், நோய் பரப்பும் வீட்டுச் செம்மறிகளின் மேய்ச்சல் உரிமையை ஈடு கொடுத்து விலக்குதல் ஆகியவை செலவு பிடிக்கும் வேலைகள். சில நூறு பேருக்கு மட்டுமே உரிமம் தரக்கூடிய ஓர் இனத்தின் உரிமக் கட்டணத்தால் அவற்றைத் தாங்க முடியாது.

ஏலத்தை எதிர்ப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு: குலுக்கல் என்று பெயர் இருந்தாலே அது சமவாய்ப்பு என்று நம்பிவிடுவது. மொன்டானாவில் ஐந்து டாலர் சீட்டுகளாக விற்கப்படும் சிறப்புக் குலுக்கலில் ஒருவர் எத்தனை சீட்டுகள் வேண்டுமானாலும் வாங்கலாம். ஐந்து டாலர்காரருக்கும் வாய்ப்பு உண்டு என்பது உண்மை. ஐயாயிரம் டாலர் செலவழிப்பவருக்கு அதைப்போல் ஆயிரம் மடங்கு உண்டு என்பதும் உண்மை. யூட்டாவின் வேட்டைக் கண்காட்சியில் 200 அனுமதிகளுக்கு ஐந்து டாலர் கட்டணத்தில் குலுக்கல் நடத்தியபோது, விண்ணப்பித்தவர் நேரில் வந்து உறுதிசெய்ய வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது; மாநிலத்தின் தென்கோடியில் கூலி வேலை பார்ப்பவருக்கு அந்த ஐந்து டாலரைவிடப் பயணச் செலவும் இழந்த நாள் கூலியும்தான் பெரிது. பல ஆண்டுகள் விண்ணப்பித்தவருக்கு முன்னுரிமைப் புள்ளிகள் தரும் முறையும் இப்படித்தான்: பொறுமைக்குப் பரிசாகத் தொடங்கியது, இன்று பல பகுதிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் புள்ளி சேர்த்தவருக்கும் உறுதியில்லாத வரிசையாகிவிட்டது. புதிதாக விண்ணப்பிக்கும் இளைஞர் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறார்.

உள்மாநிலத்தவருக்கு முன்னுரிமை தருவது பாகுபாடு என்று வாதிடுவதும் பயன் தராது. மொன்டானாவின் எல்க் மான் உரிமத்துக்கு வெளிமாநிலத்தவரிடம் பல மடங்கு கட்டணம் வாங்கியதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978இல் ஏற்றுக்கொண்டது. இத்தகைய வேறுபாடு மாநிலங்களின் உரிமை என்று 2005இல் நாடாளுமன்றமே சட்டம் செய்தது. அதன் பின்னர் வயோமிங் தன் காட்டாட்டு அனுமதிகளில் 90 விழுக்காட்டை உள்மாநிலத்தவருக்கு ஒதுக்கியது. நியூ மெக்ஸிகோ, குலுக்கலில் 84 விழுக்காடு உள்மாநிலத்தவருக்கு, 10 விழுக்காடு வழிகாட்டியை அமர்த்திக்கொள்வோருக்கு, 6 விழுக்காடு மற்ற வெளிமாநிலத்தவருக்கு என்று பிரித்திருக்கிறது. ஏல அனுமதி பொதுவாக இந்த விகிதங்களுக்கு வெளியே நிற்கிறது. வென்றவர் எந்த ஊர்க்காரர் என்று எவரும் கேட்பதில்லை. ஒதுக்கீட்டு விழுக்காட்டை மட்டும் படித்துவிட்டு நிம்மதி அடையும் குடியிருப்போர், அந்த விழுக்காடு எந்த மொத்தத்தின் மீது கணக்கிடப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு கிடா போனால் மந்தைக்கு என்ன என்ற கேள்வி பெரும்பாலும் சரியானதே. வயது முதிர்ந்த ஓர் ஆண் விலங்கை எடுப்பதால் மந்தையின் எண்ணிக்கை குறைவதில்லை. ஆனால் ஏல அனுமதிக்குப் பல மாநிலங்களில் நீண்ட வேட்டைப் பருவமும், பல பகுதிகளில் எங்கு வேண்டுமானாலும் வேட்டையாடும் உரிமையும் சேர்ந்தே வருவதால், குலுக்கலில் வென்றவருக்கு இரண்டு மூன்று வாரங்கள் மட்டுமே திறந்திருக்கும் மலையில், மிகச் சிறந்த கிடாவை மற்றவர் உள்ளே வருவதற்கு முன்பே ஒருவர் எடுத்துச் செல்ல முடிகிறது. அனுமதியின் எண்ணிக்கை ஒன்றுதான். அதனோடு ஒட்டியிருக்கும் சலுகைகளையும் எண்ணினால்தான் கணக்கு முழுமையடையும்.

ஏலத்தையே நம்பியிருப்பதன் ஆபத்தை ஆன்டிலோப் தீவு இன்னொரு வகையில் காட்டியது. பெரும் விலைக்குக் கிடாக்களைத் தந்த அந்தத் தீவின் காட்டாட்டு மந்தையில் 2018 இறுதியில் நிமோனியா பரவியது, பெரும்பாலானவை மடிந்தன, நோயைத் துடைத்தெடுப்பதற்காக எஞ்சியவற்றையும் 2019 தொடக்கத்தில் துறையே கொன்று அகற்றியது. 2020இல் மொன்டானாவிலிருந்து புதிய ஆடுகள் கொண்டுவந்து விடப்பட்டன. மந்தைக்கு அதிகப் பணம் தேவைப்பட்ட அதே நேரத்தில்தான் அந்த மந்தையிலிருந்து வரும் பணம் அடியோடு நின்றது. ஏல வருவாயை வழக்கமான ஊதியத்துக்கும் பராமரிப்புக்கும் ஒதுக்கும் துறை, இப்படியோர் ஆண்டில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். அதை ஒருமுறைச் செலவுகளுக்கு மட்டுமே வைத்துக்கொள்ளும் துறை தாக்குப்பிடிக்கும்.

ஏலம் வேண்டாம் என்று சொல்லும் குடியிருப்போர், தங்கள் உரிமக் கட்டணம் சில டாலர் உயரும்போதும் எதிர்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பல மாநிலச் சட்டமன்றங்கள் வாக்காளர்களின் கோபத்துக்கு அஞ்சி உள்மாநிலக் கட்டணத்தை ஆண்டுக்கணக்கில் தொடாமலே விட்டுவைத்திருக்கின்றன. அந்த இடைவெளியை நிரப்பவே துறைகள் வெளிமாநிலத்தவரின் பணத்தையும் ஏலத்தையும் நாடுகின்றன.

கடைசித் தவறு, காலம் தாழ்த்திப் பேசுவது. ஏல மேடையில் தொகை அறிவிக்கப்பட்டுச் செய்தி வெளியானதும் எழும் கூச்சலால் எதுவும் மாறாது. அந்த அனுமதி ஏலத்துக்கு எப்போதோ ஒதுக்கப்பட்டாகிவிட்டது. யூட்டாவில் பல அனுமதிகள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அமைப்புகளுக்கு மொத்தமாக ஒதுக்கப்படுகின்றன. அதற்கு முன் வட்டார ஆலோசனைக் குழுக்களும் பின்னர் வனவிலங்கு வாரியமும் கூடிப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கின்றன. எத்தனை அனுமதிகள், எந்தப் பகுதிகளில், எவ்வளவு நீண்ட பருவத்துடன், எந்தக் கணக்கு முறையின் கீழ் என்பதெல்லாம் எழுதப்படுவது அங்கேதான்.