18 வோல்ட் டிரில் பேட்டரிக்கு செல் மாற்றுவது எப்படி?

சாரல் நேரத்தில் ஆரியங்காவில் ஒரு வீட்டுக்குக் கதவு மாட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது கீலில் டிரில் நின்றுபோனது. செங்கோட்டைக்கு வந்து சார்ஜரில் போட்டால் சிவப்பு விளக்கு மட்டும் மின்னுகிறது. புது பேட்டரி பேக்கின் விலையைக் கேட்ட பிறகு, பழையதைத் திறந்தேன்.

உள்ளே ஐந்து 18650 செல்கள், அதாவது உருளை வடிவ லித்தியம் செல்கள். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட், வரிசையாகச் சேர்ந்தால் 18. கனமான பேக் என்றால் இரண்டிரண்டாகப் பத்து இருக்கும். மல்டிமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் வைத்துப் பாருங்கள். எனக்கு நான்கு செல் 3.7 காட்டின, ஒன்று 1.4. அந்த ஒன்றால்தான் சார்ஜர் ஏற்கவில்லை. அவ்வளவு இறங்கிய செல்லுக்கு வெளியிலிருந்து கரண்ட் கொடுத்து எழுப்பப் பார்க்காதீர்கள். உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம்.

மாற்றினால் ஐந்தையும் ஒரே மாடலில் மாற்றுங்கள். புதுசோடு பழசு சேர்ந்தால் பழசுதான் முதலில் காலியாகும். தொடர்ந்து 20 ஆம்பியர் தருகிற செல்லாகக் கேட்டு வாங்குங்கள். பவர் பேங்க் செல் டிரில்லின் இழுப்புக்குத் தாங்காது. சால்டரிங் வேண்டவே வேண்டாம், சூடு செல்லைக் கெடுக்கும். செல்களை இணைக்கும் நிக்கல் பட்டையை நொடிப்பொழுது கரண்ட் பாய்ச்சி ஒட்டுகிற ஸ்பாட் வெல்டிங்தான் சரி. லேப்டாப் பேட்டரி பார்க்கிற கடையில் கேட்டுப் பாருங்கள்.

இனி போர்டுக்கு, அதாவது பேக்குக்குள் செல்களைக் கண்காணிக்கும் சர்க்யூட்டுக்குப் போகும் மெல்லிய ஒயர்கள். இங்கே நிதானம் வேண்டும். கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது மைனஸ் முதலில், அப்புறம் செல்கள் சேரும் இடங்களில் 3.6, 7.2, 10.8, 14.4 வோல்ட் என்று ஏறுவரிசையில், கடைசியாக பிளஸ். நான் முதல் தடவை பிளஸ்ஸை முதலில் வைத்துவிட்டேன். சின்னப் பொறி, அவ்வளவுதான், போர்டு போய்விட்டது. ஒரு மாதம் காத்திருந்து வேறு போர்டு வரவழைத்தேன்.

முதல் சார்ஜை சிமெண்ட் தரையில் வைத்து, பக்கத்திலேயே இருந்து போடுங்கள். நிறைந்ததும் மொத்தம் 21 வோல்ட் காட்ட வேண்டும்.

பின்சேர்க்கை: புனலூரிலிருந்து ஒருவர், வெல்டிங் முடிந்ததும் செல் சுட்டது என்று எழுதியிருந்தார். பிளஸ் முனையைச் சுற்றியிருக்கும் விளிம்பும் மைனஸ்தான். மேலே இருப்பது தாள் போன்ற உறை மட்டுமே, நிக்கல் பட்டை அதைக் கிழித்தால் ஷார்ட். அதனால் ஒவ்வொரு பிளஸ் முனையிலும் காகித வாஷர் ஒட்டிய பிறகே பட்டையை வையுங்கள்.

டிரில் வேலை முடிந்த சூட்டோடு பேட்டரியை சார்ஜ் போடாதீர்கள், ஆறட்டும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் எடுக்காமல் வைப்பதென்றால் பாதி சார்ஜில் வையுங்கள். கழற்றிய செல்களின் முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள், குப்பையில் போட வேண்டாம்.