கொம்பு, கால், புள்ளி: கையால் நகர்த்தி வாசிக்கும் எழுத்தட்டைகள்

‘கெ’ என்ற எழுத்தில் பிள்ளையின் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. வாயில் முதலில் வர வேண்டியதோ ‘க்’. எழுத்துக்கூட்டும்போது பல பிள்ளைகள் திக்கி நிற்பது இங்கேதான். கொம்பையும் காலையும் தனி அட்டைகளாக்கி நகர்த்தவிட்டால் விளையாட்டிலேயே பிடிபட்டுவிடும்.

பழைய கல்யாணப் பத்திரிகை போதும். 5 செ.மீ. சதுரங்களாக வெட்டி க, ட, ப, ம, ல, வ ஆறையும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் இரண்டிரண்டு எழுதுங்கள். எழுத்தைச் சற்றுக் கீழே தள்ளி எழுதினால்தான் மேலே புள்ளி வைக்க இடமிருக்கும். துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு (‘லை’யில் வருவது) நான்கும் பாதி அகல அட்டையில், சிவப்பில், இரண்டிரண்டு. சிவப்பு அழகுக்காக இல்லை; பிறகு ‘ர’ சேர்க்கும்போது அதற்கும் காலுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமே! புள்ளிக்குப் புளியங்கொட்டை. மிளகு உருண்டு ஓடிவிடும். கண்டதையும் வாயில் போடும் குழந்தை வீட்டில் இருந்தால் கொட்டையும் வேண்டாம், அட்டையிலேயே சிறு வட்டம் வெட்டிக்கொள்ளுங்கள்.

வைக்கும் வரிசைதான் முக்கியம். முதலில் ‘க’வை வைத்து ‘க’ என்று சொல்ல வேண்டும். பிறகே இடப்பக்கம் கொம்பை வைத்து ‘கெ’. ‘கொ’வுக்குக் கொம்பு ஒரு கையில், கால் மறு கையில், இரண்டையும் ஒரே சமயத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாக வைத்தால் ‘கெ... கா’ என்று பிரித்துவிடுவார்கள்.

அடுத்தது சங்கிலி ஆட்டம். ஒரு முறைக்கு ஒரே மாற்றம்: மலை, வலை, வேலை, வேல், வால், பால், பல், கல். ஒவ்வொரு சொல்லையும் விரலை ஓட்டி வாசித்த பிறகே அடுத்த மாற்றம். பத்து நிமிடம் போதும். ‘இன்னும் ஒரு தடவை’ என்று கேட்கும்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.

அப்புறம் கதைப் புத்தகம். பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி உள்ளதாகப் பார்த்து எடுங்கள். அட்டையில் கட்டிய சொல் பக்கத்தில் எங்கே இருக்கிறதோ அதன்மேல் ஒரு கொட்டையை வைப்பது பிள்ளையின் வேலை. தாத்தா காலத்துப் புத்தகங்களை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் லை, ளை, ணை, னை நான்கும் தும்பிக்கை போல் வளைந்த பழைய வடிவில் இருக்கும். இணைக்கொம்பு அட்டை அங்கே உதவாது.

இ, ஈ குறிகள் எழுத்தோடு ஒட்டியவை. உ, ஊ வரிசையிலோ கு, டு, பு என்று எழுத்துக்கு எழுத்து உருவமே மாறும். அவற்றைத் துண்டாக்காமல் முழு எழுத்தாகவே அட்டை போடுங்கள். ஔ வரிசையின் பின்பாதி ‘ள’ போலவே இருந்து குழப்பும். வௌவால் வரும் கதை கையில் கிடைக்கும்வரை அதற்கு அவசரமில்லை.