பழைய ஸ்னோபால் நிரலை இன்றைய மொழிக்கு மாற்றுவது எப்படி?

1962-இல் பெல் ஆய்வகத்தில் டேவிட் ஃபார்பர், ரால்ஃப் கிரிஸ்வோல்ட், ஐவன் பொலான்ஸ்கி ஆகியோர் உருவாக்கத் தொடங்கிய ஸ்னோபால், எழுத்துச் சரங்களைத் தேடவும் பிரிக்கவும் மாற்றவும் என்றே பிறந்த மொழி. 1977-இல் 'ஆக்' (AWK) மொழியும் 1987-இல் பெர்ல் மொழியும் வந்து, அதே வேலையை ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவங்களைத் தேடும் குறிமுறை) கொண்டு சுருக்கமாக முடித்துவிட, ஸ்னோபாலின் புழக்கம் தேய்ந்தது. கிரிஸ்வோல்டே பின்னர் ஐகான் என்ற வேறொரு மொழிக்குப் போய்விட்டார். ஆயினும் அம்மொழியின் நான்காம் பதிப்பான ஸ்னோபால்4-இல் எழுதிய பழைய நிரல் ஒன்றைப் பைத்தானுக்கு மாற்றும் பொறுப்பு உங்களிடம் வந்தால், பின்வரும் முறை உதவும்.

முதலில் எதையும் திருத்தி எழுதாமல், இன்றைய கணினியில் ஸ்னோபால்4 நிரல்களை இயக்கும், இலவசமாகக் கிடைக்கும் சிஸ்னோபால்4 மென்பொருள் கொண்டு நிரலை அப்படியே இயக்கி, பழைய தரவுக்கு அது தரும் விடையைத் தனிக் கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். வரியின் முதல் இடத்தில் எழுத்து இருந்தால் அது லேபிள், அதாவது நிரல் தாவி வருவதற்கான அந்த வரியின் பெயர். நட்சத்திரம் இருந்தால் குறிப்புரை. கூட்டல் குறி இருந்தால் முந்தைய வரியின் தொடர்ச்சி. ஆகவே கோப்பை நகலெடுக்கும்போது வரித் தொடக்கத்து இடைவெளிகள் அழிந்துவிட்டால், கட்டளையின் முதற்சொல்லே லேபிளாகிவிடும்.

அடுத்து, வரிகளின் கடைசியில் முக்காற்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் வரும் எஸ், அந்த வரியின் வேலை வெற்றி பெற்றால் தாவ வேண்டிய லேபிளையும், எஃப், தோற்றால் தாவ வேண்டிய லேபிளையும் சொல்கின்றன. இரண்டும் இல்லாத வரி தோற்றால் பிழைச்செய்தி எதுவும் வராது. மாறிகள் முந்தைய பதிவின் மதிப்பையே சுமந்துகொண்டு அடுத்த வரிக்குப் போகும். பைத்தானில் அதே இடத்தில் 'நன்' (None) என்ற வெறுமை கிடைத்து நிரல் நின்றுவிடக்கூடும் என்பதால், அந்த மௌனத் தோல்வி வேண்டுமென்றே விடப்பட்டதா என்பதை வரிக்கு வரி முடிவு செய்ய வேண்டும். மாற்றும் வேலையில் பாதி நேரம் இதற்கே போகும்.

சரங்களை இணைப்பதற்கும் வடிவத்தை (தேட வேண்டிய எழுத்தமைப்பை) சரத்தோடு பொருத்துவதற்கும் இம்மொழியில் வெற்று இடைவெளி ஒன்றே குறி. துணிச்சலான முடிவுதான், தொல்லையானதும் அதுவே. வடிவத்துக்குள் புள்ளி இருந்தால், முழுப் பொருத்தமும் வென்ற பிறகே மாறியில் மதிப்பு ஏறும். ரெகுலர் எக்ஸ்பிரஷனின் அடைப்புக்குழு அதற்கு ஈடாகும். டாலர் குறி இருந்தால், முழுப் பொருத்தம் பின்னர் தோற்றாலும் இடையில் கிடைத்த மதிப்பு அப்போதே ஏறிவிடும். அதற்கு நேர் இணை இல்லாததால், அந்தப் பகுதியைத் தனிச் செயற்கூறாக எழுதுவதே நல்லது. சமநிலை அடைப்புக்குறிகளைத் தேடும் 'பால்' (BAL) வடிவத்துக்கும் அப்படியே, எண்ணிக்கை வைத்த ஒரு சுழற்சி தேவைப்படும்.

'ஆங்கர்' மாறியை நிரல் மாற்றியிருக்காவிட்டால் தேடல் சரத்தின் எந்த இடத்திலும் தொடங்கும். எனவே பைத்தானில் சரத்தின் தொடக்கத்தில் மட்டும் பார்க்கும் 'மேட்ச்' அல்ல, எங்கும் தேடும் 'சர்ச்' பயன்படுத்துங்கள். இறுதியில் பழைய நிரல், பைத்தான் நிரல் இரண்டின் விடைக் கோப்புகளையும், வேறுபடும் வரிகளைக் காட்டும் 'டிஃப்' கருவி கொண்டு ஒப்பிடுங்கள். வரிக் கடைசி இடைவெளிகளில் மட்டும் வேறுபாடு தெரிந்தால், 80 எழுத்துத் துளை அட்டைகளிலிருந்து வந்த தரவா என்றும், உள்ளீட்டு வரிகளின் கடைசி இடைவெளிகளை நீக்கும் 'டிரிம்' மாறி இயக்கத்தில் இருந்ததா என்றும் பழைய நிரலின் தொடக்க வரிகளில் தேடுங்கள்.