லோத், செலே ஆற்றோரம்: சுண்ணாம்புக்கல் மேடுகளில் சைக்கிள் பயணம்

பிரான்சின் தென்மேற்கே காவோர் ஊரைச் சுற்றியுள்ள கெர்சி பகுதிக்குச் சைக்கிளில் போகத் திட்டமிடுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம்?" என்றுதான். கிலோமீட்டரை அப்புறம் பார்க்கலாம். தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதை முதலில் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே ஊர், கடை, சாலை, ஏற்றம் எல்லாமே தண்ணீரை வைத்து அமைந்தவை.

காரணம் பாறைதான். மேலே 300, 400 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடப்பது சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். உள்ளூரில் அதைக் 'கோஸ்' என்பார்கள். எவ்வளவு மழை பெய்தாலும் நீர் அங்கே தேங்காது, ஓடையாகவும் ஓடாது. சல்லடையில் ஊற்றியதுபோல விரிசல்களில் இறங்கிவிடும். பாறைக்குள்ளேயே நெடுந்தூரம் ஓடி, கடைசியில் பள்ளத்தாக்கின் அடியில் ஊற்றாக வெளியே வரும். காவோரில் மூன்று கோபுரங்களோடு நிற்கும் வாலாந்த்ரே பாலத்தைத் தாண்டி மறுகரைக்குப் போனால், ஷார்த்ரே ஊற்று பச்சையும் நீலமுமாகப் பொங்கி ஆற்றில் கலப்பதைப் பார்க்கலாம். ஊருக்குக் குடிநீர் அதிலிருந்துதான். பயணத்தை அங்கே நின்று பார்த்துவிட்டுத் தொடங்கினால், அடுத்து வரும் நாட்களில் நிலம் ஏன் இப்படி இருக்கிறது என்பது தானாகவே புரியும். மேலே குட்டை ஓக் மரம், உலர்கல் சுவர், செம்மறி ஆடு. கீழே ஆறு, வயல், ரொட்டிக் கடை, கூடார முகாம்.

இதிலிருந்து நான் வைத்திருக்கும் விதி ஒன்றே. தூரத்தை ஆற்றோரமாகக் கடக்க வேண்டும். மேட்டுக்கு நாளுக்கு ஒரே ஒரு முறை, அதுவும் காலை பத்து மணிக்குள் ஏறிவிட வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் சில நாட்களில் வெயில் 35 பாகையைத் தாண்டும். மேலே நிழல் தரும் அளவுக்கு மரம் உயராது, வெள்ளைப் பாறை வெயிலை முகத்தில் திருப்பி அடிக்கும். மே, ஜூன், செப்டம்பர்தான் நல்ல மாதங்கள்.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி காவோரில் தொடங்கிக் காவோரிலேயே முடியும் ஒரு வட்டம், சுமார் 150 கிலோமீட்டர். பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து காவோருக்கு நேரடி ரயில் இருக்கிறது. சைக்கிளுக்குத் தனியாக இடம் பதிவு செய்ய வேண்டும். ஒரு ரயிலில் சில இடங்கள்தான் இருக்கும் என்பதால், திரும்பும் நாளுக்கும் அப்போதே பதிவு செய்துவிடுங்கள்.

காவோரிலிருந்து லோத் ஆற்றை ஒட்டிக் கிழக்கே போனால் வேர், பூஸியெஸ் ஊர்கள் வரும். அதற்குப் பக்கத்தில் செலே ஆறு லோத்தில் சேருகிறது. அங்கே இடப்பக்கம் திரும்பி டி 41 சாலையைப் பிடியுங்கள். இந்தப் பயணத்தின் உயிர் இந்தச் சாலைதான். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் தலைக்கு மேல் குடைபோலக் கவிந்து நிற்கும் பாறை. லாரி அபூர்வம். கபிரெரே, மார்சியாக், பிரெங்க், எஸ்பஞாக் என்று சிறு ஊர்களாக வரும். சில இடங்களில் பாறைக் குகையின் வாயை அப்படியே சுவர் வைத்து மூடியிருப்பது தெரியும். இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூறாண்டுப் போர்க்கால அரண்கள் அவை. 'ஆங்கிலேயர் கோட்டை' என்றுதான் ஊரில் பெயர். மார்சியாக்கில் பாதி இடிந்த மடாலயம் இருக்கிறது, கூரை போன பகுதிக்குள் நடக்கலாம். கபிரெரேவிலிருந்து ஆற்றோரமாக ஃபிஜாக் நகர் வரை ஒரே நாளில் முடித்துவிட முடியும்தான், ஆனால் இரண்டு நாளாக்குங்கள். மதியம் ஆற்றில் இறங்கிக் குளிக்காமல் செலேயைக் கடந்து போவதில் என்ன இருக்கிறது?

கபிரெரேவில் தங்கும் காலையில் மேட்டுக்கு ஏறுங்கள். பெஷ் மெர்ல் குகை அங்கேதான். 1922-இல் அந்தப் பகுதிச் சிறுவர்கள் உள்ளே நுழைந்து கண்டுபிடித்தது. பாறைச் சுவரில் ஆதி மனிதர் வரைந்த புள்ளிக் குதிரைகள் இரண்டு, சுற்றிலும் கை அச்சுகள். சுமார் 29,000 ஆண்டு பழையவை என்கிறார்கள். வலப்பக்கக் குதிரையின் தலையை உற்றுப் பாருங்கள். பாறையின் விளிம்பே தலை வடிவில் இருக்க, வரைந்தவர் அந்த விளிம்பையே பயன்படுத்தியிருக்கிறார். நான் முன்னால் நின்றபோது வழிகாட்டி விளக்கை நகர்த்தினார், அப்போதுதான் அது எனக்குப் பிடிபட்டது. நாளுக்கு இவ்வளவு பேர் என்று வரம்பு இருப்பதால் முன்பதிவு அவசியம். உள்ளே குளிரும், ஏறி வியர்த்த சட்டையோடு நுழையாமல் ஒரு கம்பளிச் சட்டை எடுத்துப் போங்கள்.

தண்ணீருக்கு வருவோம். மேட்டில் ஏறும் நாளில் ஆளுக்கு மூன்று லிட்டர் வேண்டும். சைக்கிள் சட்டத்தில் இரண்டு பாட்டில், பையில் ஒன்று. நடுவில் தீர்ந்துவிட்டால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பிரான்சில் எந்தக் குக்கிராமத்திலும் அது இருக்கும், பூச்செடிக்கு ஊற்ற வாசலுக்கு அருகே ஒரு குழாயும் பெரும்பாலும் இருக்கும். 'ஓ நோன் போத்தாப்ல்' (குடிக்கத் தகாத நீர்) என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள். தலையில் ஊற்றிக்கொள்ளலாம். மேட்டில் சில இடங்களில் பாறையை வெட்டிய சிறு குட்டைகள் இருக்கின்றன. ஆடு குடிப்பதற்காக நாம்ஃபேஸ் என்ற துறவி வெட்டியவை என்பது அங்கத்திய கதை. பார்க்க அழகு, குடிக்க வேண்டாம். அந்த ஆடுகளே பார்க்க வேண்டியவைதான்: உடம்பெல்லாம் வெள்ளை, காதும் கண்ணைச் சுற்றிய வட்டமும் மட்டும் கருப்பு. சாலையை மறித்து நின்றால் மணி அடிக்காதீர்கள், மிரண்டு முள்வேலிக்குள் பாயும்.

ஏற்றத்தை முன்கூட்டியே அறிய மிஷெலின் வரைபடத்தில் சாலை மீதுள்ள அம்புக்குறிகளைப் பாருங்கள். ஒரு குறி என்றால் 5 முதல் 9 சதவீதச் சரிவு, இரண்டு என்றால் 13 வரை, மூன்று என்றால் அதற்கும் மேல். கூர்முனை ஏற்றத் திசையைக் காட்டும். சுமையோடு போகிறவர்கள் மூன்று குறிச் சாலையில் ஏறாமல், அதில் இறங்கும்படி வட்டத்தைத் திருப்பிக்கொள்வது நல்லது. ஆற்றிலிருந்து மேட்டுக்கு 200 மீட்டர் சொச்சம்தான், ஆனால் அது மூன்று நான்கு கிலோமீட்டரில் வந்துவிடும். பின்சக்கரத்தின் மிகப் பெரிய பல்சக்கரத்தில் 34 பல்லாவது இருக்கட்டும், டயர் 35 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

சுண்ணாம்புத் தூசியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மண்பாதையில் மழை பிடித்தால் அது வெள்ளைச் சாந்தாகிச் சங்கிலியிலும் பிரேக்கிலும் அப்பிக்கொள்ளும். விளிம்பில் பிடிக்கும் பிரேக் வைத்திருப்பவர்களுக்கு ரப்பர் கட்டை சீக்கிரமே தேயும், சக்கர விளிம்பும் சுரண்டப்படும். மாலையில் முகாமுக்கு வந்ததும் ஒரு பாட்டில் தண்ணீரால் விளிம்பைக் கழுவித் துடைத்துவிடுங்கள். ஒரு ஜோடி மாற்றுக் கட்டை பையில் இருக்கட்டும். ஃபிஜாக் வரும்வரை கடையை நம்ப முடியாது. நிழலான இறக்கங்களில் காலையில் சாலை ஈரமாக இருக்கும், வளைவில் சரளை கிடக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் பிரேக்கைத் தொடவே கூடாது.

சாப்பாடு. சிற்றூர்க் கடைகள் மதியம் மூடிவிடும், திங்களன்று பல கடைகள் திறப்பதே இல்லை. காலையிலேயே வாங்கிவிடுங்கள். உணவகங்களில் வாத்தும் ஆட்டுக்கறியும்தான் பேர்போனவை. சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். ரொக்கமடூர் ஆட்டுப்பால் சீஸ், அக்ரூட் பருப்பு, கோடையில் கெர்சி முலாம்பழம், ரொட்டி போதும். நான் எப்போதும் ஒரு டப்பா பருப்புப்பொடியும் சின்னப் பாட்டிலில் நல்லெண்ணெயும் வைத்திருப்பேன். முகாமில் அரிசி வடித்தால் பத்து நிமிடத்தில் வீட்டுச் சாப்பாடு. புதுச்சேரியிலிருந்து வரும் என் மச்சான், "மாமா, இதுக்காகவே அடுத்த வருஷமும் வரேன்" என்பான்.

ஃபிஜாக்குக்கு முடிந்தால் வெள்ளி மாலை போய்ச் சேருங்கள், சனிக்கிழமை சந்தை. பண்டைய எகிப்தின் சித்திர எழுத்தைப் படித்துக் காட்டிய ஷம்போலியோன் 1790-இல் பிறந்த ஊர் இது. அவருக்கு அதில் வழிகாட்டிய ரொசெட்டா கல்வெட்டின் பெரிய நகலைத் தரையில் பதித்த முற்றம் ஒன்று அங்கே இருக்கிறது, அதன்மேல் நடக்கலாம். பிறகு ஃபேசெல் வழியாக ஏறி, லோத் பள்ளத்தாக்கில் இறங்கிக் கஜார்க். அங்கிருந்து காவோர் வரை ஆற்றோரச் சாலைதான். வழியில் வரும் சேன் சீர் லபொப்பி என்ற ஊர் மட்டும் ஆற்றுக்கு 100 மீட்டர் மேலே செங்குத்தாக நிற்கிறது. மதியம் அங்கே சுற்றுலாப் பேருந்துகள் குவியும், அதனால் காலை எட்டு மணிக்கே ஏறுங்கள். கீழே பூஸியெஸ் பக்கம், படகை இழுத்துச் செல்ல ஆற்றோரப் பாறையைக் குடைந்து வெட்டிய பழைய பாதை இருக்கிறது. குறுகலானது, நடப்பவர்களுக்கானது. சைக்கிளைக் கரையில் பூட்டிவிட்டு நடந்தே போய்ப் பாருங்கள்.