ஊரில் மனுவல் கார் ஓடப் போகிறீர்களா? இடது காலுக்குக் கொஞ்சம் பழக்கம் கொடுங்கள்

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓட்டோ கியரிலேயே ஓடிவிட்டு இலங்கைக்குப் போயிருந்தேன். கையில் கிடைத்தது மாமாவின் பழைய டீசல் வான். மனுவல். வெளிக்கிடும்போதுதான் மானம் போகும் என்று நினைத்திருந்தேன். இரண்டு முறை எஞ்சின் நின்றது, மூன்றாம் முறை கிளம்பிவிட்டது. அதோடு சரி. சிக்கல் வந்தது நிற்பாட்டும்போது. தூரத்தில் ஒரு மாடு றோட்டுக்குக் குறுக்கே வந்தது. கண்டவுடன் கிளச்சை அடிவரை மிதித்தேன். வானோ வேகம் குறையாமல், பிடியெல்லாம் விட்டதுபோல உருண்டுகொண்டே போனது. பக்கத்தில் இருந்த மாமா குரலை உயர்த்தாமல் சொன்னார்: "தம்பி, கிளச் நிப்பாட்டாது. பிறேக்கைப் பிடியும்."

மனுவலில் பழகி, பிறகு விட்டவர்கள் பலருக்கும் இப்படித்தான். கிளச் என்று ஒன்று உண்டு என்பது ஞாபகம் இருக்கும், அதை எப்போது மிதிப்பது என்பதுதான் மறந்திருக்கும். எஞ்சின் நின்றுவிடுமோ என்ற பயத்தில் கால் முந்திக்கொள்ளும்.

கிளச்சை மிதித்தால் எஞ்சினுக்கும் சில்லுக்கும் இருக்கிற தொடர்பு அறுந்துவிடுகிறது. மிதிக்காமல், எக்சிலேற்றரில் இருந்து மட்டும் காலை எடுத்தால், எஞ்சினே வாகனத்தைப் பின்னுக்கு இழுக்கும். அந்த இழுவை பிறேக்குக்கு ஒரு துணை. கிளச்சை முந்தி மிதிப்பவர் அந்தத் துணையைத் தானே கழற்றி விடுகிறார். மணிக்கு 60 கிலோமீற்றரில் போகிற வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் போய்விடும். எந்தக் காலை வைப்பது என்று யோசிக்கிற நேரமே அவ்வளவுதான்.

ஆகவே ஒழுங்கு இதுதான். எக்சிலேற்றரை விடுங்கள், பிறேக்கை அமத்துங்கள், வேகம் குறையட்டும். இடது கால் சும்மா தரையில் இருக்கட்டும். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டுகிற ரெவ் முள் 1000க்குக் கிட்ட வரும்போது எஞ்சின் இலேசாக நடுங்கத் தொடங்கும். கிளச்சை மிதிக்க வேண்டிய இடம் அதுதான். இரண்டாம் கியரில் என்றால் அது மணிக்குப் 10 கிலோமீற்றரை ஒட்டி வரும், நாலாம் கியரில் 30ஐ ஒட்டியே வந்துவிடும். வாகனத்துக்கு வாகனம் மாறும், அதனால் முள்ளைப் பார்ப்பதைவிடக் காதைக் கொடுப்பது நல்லது. கடைசி இரண்டு மூன்று மீற்றரில் பிறேக்கைக் கொஞ்சம் இளக்கிவிட்டால் பின்னால் இருப்பவர்களின் தலை முன்னுக்குப் போய் வராது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நாயோ பிள்ளையோ திடீரென்று குறுக்கே வந்துவிட்டால் ஒழுங்கு பார்க்க நேரமில்லை. பிறேக்கை முழுப் பலத்தோடு அமத்துங்கள், கிளச்சையும் கூடவே மிதியுங்கள். எஞ்சின் நின்றாலும் நிற்கட்டும். ஏபிஎஸ் (சில்லு இறுகிவிடாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) உள்ள வாகனம் என்றால் காலுக்கடியில் பிறேக் தடதடவென்று அடிக்கும். பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், அது வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். ஏபிஎஸ் இல்லாத பழைய வாகனத்தில் சில்லு இறுகி வழுக்கத் தொடங்கினால் ஸ்டியரிங் சொல்வழி கேளாது. அப்போது பிறேக்கைச் சற்று இளக்கித் திரும்பப் பிடிக்க வேண்டும்.

நிற்கப் போகும்போது ஐந்து, நாலு, மூன்று, இரண்டு என்று படிப்படியாகக் கியரை இறக்க வேண்டுமா? ஊரில் பழைய சாரதிகள் அப்படித்தான் செய்வார்கள். பிறேக் மோசமாக இருந்த காலத்துப் பழக்கம் அது. இப்போதைய வாகனத்தில் நிற்பது நிச்சயம் என்றால் இருக்கிற கியரிலேயே பிறேக் பிடித்து வந்து, கடைசியில் கிளச்சை மிதித்து நின்று, முதலாம் கியருக்கு மாற்றினால் போதும். முன்னால் போகிறவர் நிற்பாரா போவாரா என்று தெரியாவிட்டால் வேகத்தைக் குறைத்துவிட்டு நேராக இரண்டாம் கியருக்கு வரலாம், இடையில் உள்ளவற்றைத் தொடத் தேவையில்லை. பிறேக் பாட் மாற்றுவது சில்லைக் கழற்றிச் செய்கிற வேலை. கிளச் பிளேட் மாற்றக் கியர் பொக்ஸையே இறக்க வேண்டும். எது தேய்ந்தால் பரவாயில்லை என்று நீங்களே முடிவு செய்யுங்கள், அதுவும் இரவல் வாகனம் என்றால்.

சிக்னலில் நிற்கும்போது கிளச்சை மிதித்தபடியே இருப்பது இன்னொரு வியாதி. அந்த நேரம் முழுக்க, கிளச்சை விலக்கிப் பிடிக்கிற ரிலீஸ் பெயரிங் சுமையைத் தாங்குகிறது, உங்கள் முழங்காலும்தான். நியூட்ரலுக்கு மாற்றி, ஹான்ட்பிறேக்கை இழுத்துவிட்டு, காலை எடுங்கள். இதைவிட மோசம், ஏற்றத்தில் அரைக் கிளச்சில் வாகனத்தைத் தாங்கி நிற்பது. ஓட்டோ கியர் ஏற்றத்தில் கொஞ்சம் தானாகத் தாங்கும், அந்த நினைப்பில் செய்கிறோம். இரண்டு நிமிடத்தில் கருகல் மணம் வரும். வந்தால் அது பிளேட்டின் மணம். ஓரமாக நிற்பாட்டி ஆறவிடுங்கள்.

மலைநாட்டுக்குப் போகிறவர்கள் இதை ஆறுதலாக வாசியுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஏறியதையெல்லாம் இறங்கியாக வேண்டும். "இறக்கம்தானே" என்று நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உண்மையில் மிச்சமும் இல்லை. இன்றைய எஞ்சின்கள் கியரில் இருந்தபடி காலை எடுத்தால் எண்ணெயை நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் எஞ்சின் நின்றுவிடாமல் இருக்க எண்ணெய் குடிக்கும். பெரிய ஆபத்து பிறேக் சூடாவது. டொட் 4 என்ற வகைப் பிறேக் ஒயில் புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியசுக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறிய ஒயிலுக்கு அதே தரம் வைக்கும் எல்லை 155 பாகைதான். இரவல் வானில் எந்த வருட ஒயில் இருக்கிறதோ! கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பிறேக்கை மிதித்தால் பஞ்சை மிதித்ததுபோலக் கால் உள்ளே போகும்.

ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். எஞ்சின் உறுமும், உறுமட்டும். பிறேக்கில் காலை வைத்தபடியே இறங்காமல், நன்றாக அமத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். தேவைப்படும்போது திரும்ப அமத்துங்கள். உருளுகிற வாகனத்தில் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டு மூன்று மிதியோடு பிறேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் பாரமாகும்.

புகையிரதக் கடவைகளில், கதவு இல்லாதவை இன்னும் இருக்கின்றன, தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றாதீர்கள். முன்பே நின்று, பார்த்து, முதலாம் கியரில் ஒரே ஓட்டமாகக் கடவுங்கள். எதிர்ப்பக்கம் உங்கள் வாகனத்துக்கு இடம் இல்லாவிட்டால் ஏறவே ஏறாதீர்கள். எஞ்சின் நின்று மறுபடி பிடிக்காவிட்டால் முதலில் ஆட்களை இறக்குங்கள். பழைய வாகனங்களில் முதலாம் கியரில் போட்டு, கிளச்சை விட்டபடி திறப்பைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டரே கொஞ்சத் தூரம் இழுத்துவிடும். கிளச்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் வாகனங்களில் இது சரிவராது.

நிற்பாட்டிவிட்டு இறங்கும்போது ஒன்று. மனுவலில் ஓட்டோ கியரில் இருப்பதுபோல பி (பார்க்) என்ற இடம் கிடையாது. ஹான்ட்பிறேக்கை இழுத்துவிட்டுக் கியரிலும் விடுங்கள். மூக்கு ஏற்றத்தைப் பார்த்தால் முதலாம் கியர், இறக்கத்தைப் பார்த்தால் ரிவர்ஸ். அப்படி விட்டதை மறந்து, அடுத்த நாள் காலையில் கிளச்சை மிதிக்காமல் திறப்பைத் திருப்பினால் வாகனம் முன்னுக்கோ பின்னுக்கோ துள்ளும். மதிலோடு நிற்பாட்டியிருந்தால் மதில்தான் தடுக்கும்.

கனடா, பிரான்ஸ், நோர்வே போன்ற இடங்களில் இருந்து வருகிறவர்களுக்கு இடது பக்க ஓட்டமும் சேர்ந்துகொள்ளும். கால்களுக்குக் குழப்பமில்லை, கிளச், பிறேக், எக்சிலேற்றர் ஒழுங்கு எங்கும் ஒன்றுதான். கைதான் மாறுகிறது. கியர் இடது கைக்கு வரும், முதலாம் கியர் உங்களைவிட்டுத் தள்ளி இருக்கும். யப்பான் கார்களில் சிக்னல் தண்டு வலப்பக்கம், அதனால் முதல் நாள் ஒவ்வொரு சந்தியிலும் வைப்பரைப் போடுவீர்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள். ரிவர்ஸ் எங்கே, தூக்கிப் போடுவதா அமத்திப் போடுவதா என்று வெளிக்கிட முதல் கேட்டு வையுங்கள். எஞ்சினைப் போடாமல் கியரைப் பத்துத் தரம் போட்டுப் பாருங்கள். பிறகு ஒரு வெறும் வளவிலோ ஒழுங்கையிலோ கிளச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று காலால் தேடுங்கள். தேய்ந்த கிளச் மேலே வந்துதான் பிடிக்கும்.

பிரித்தானிய, ஐரோப்பிய லைசன்சின் பின்பக்கத்தில் உங்கள் வகுப்புக்கு நேரே 78 என்று இருந்தால் அது ஓட்டோ கியருக்கு மட்டுமான அனுமதி. அதோடு மனுவல் ஓடி ஏதும் நடந்தால் காப்புறுதி கைவிரிக்கலாம்.

மோட்டார் சைக்கிள்காரருக்கு ஒரு வரி: சைக்கிளில் இடது கைப்பிடி கிளச், ஓட்டோ ஸ்கூட்டரில் அதே இடத்தில் பின் பிறேக்.

மூன்று கிழமை ஓடி இடது காலுக்கு வேலை பழகியிருக்கும். திரும்பி வந்து உங்கள் ஓட்டோ கியர் காரில் ஏறும்போது அந்தக் காலை இருக்கைக்கு அடியில் பின்னுக்கு இழுத்து வையுங்கள். நான் வைக்கவில்லை. முதல் சிவப்பு விளக்கில் கிளச் என்று நினைத்து அகலமான பிறேக்கை முழுப் பலத்தோடு மிதித்தேன். கோப்பிக் குவளை டாஷ்போர்டில் கொட்டியது. பின்னால் வந்தவர் எப்படியோ நின்றுவிட்டார்.