குவார்ட்டர்பேக் குறைவாகப் பாஸ் செய்தால் நல்லதா? கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். சக வீரருக்கு அவர் முன்னோக்கி வீசுவது பாஸ், பந்தை ஏந்தி ஓடுவது ரன். 2020 ஜனவரியில் நடந்த என்எஃப்சி (என்எஃப்எல் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதிப் போட்டியில் சான் ஃபிரான்சிஸ்கோவின் குவார்ட்டர்பேக் ஜிம்மி கரோப்போலோ வீசியது மொத்தமே 8 பாஸ். அதில் 6 சக வீரர்களின் கையில் சேர்ந்தன, 77 கெஜம் கிடைத்தது. அணி கிரீன் பேயை 37-20 என்று வீழ்த்தியது. பாஸைக் குறைத்தால் ஜெயிக்கலாம் என்று இதைப் பார்த்து முடிவு கட்டுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு.

அன்று அதே அணியின் ரஹீம் மோஸ்டர்ட் பந்தோடு 220 கெஜம் ஓடி 4 டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் கொண்டு சேர்ப்பது) எடுத்தார். இடைவேளையிலேயே 27-0. அவ்வளவு முன்னிலை இருந்தால் யாராக இருந்தாலும் பந்தோடு ஓடியே நேரத்தைக் கரைப்பார்கள். பின்தங்கிய அணிக்கு அந்த வசதி கிடையாது, பாஸ் போட்டே ஆக வேண்டும். அதாவது குறைந்த பாஸ் பல நேரம் முன்னிலையால் வருவது, முன்னிலை அதனால் வருவதில்லை. லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் 51-வதைப் பாருங்கள். அட்லாண்டாவின் மேட் ரயன் 23 பாஸில் 284 கெஜம் எடுத்தும் தோற்றார். 28-3 என்று பின்தங்கியிருந்த நியூ இங்கிலாந்தின் டாம் பிரேடி 62 பாஸ் போட்டு ஜெயித்தார்.

வானிலையையும் மறக்கக் கூடாது. 2021 டிசம்பரில் பஃபலோவில் அடித்த காற்றில் நியூ இங்கிலாந்தின் மேக் ஜோன்ஸ் 3 பாஸ் மட்டுமே வீசி, அணி 14-10 என்று வென்றது. அதை வைத்து அவருடைய திறமையை அளக்கவே முடியாது.

அடுத்தது ரேட்டிங் பற்றிய தவறு. குவார்ட்டர்பேக்கின் வீச்சை ஒரே எண்ணில் மதிப்பிடும் பாஸர் ரேட்டிங்கின் நான்கு கூறுகளும் ஒரு பாஸுக்கு எவ்வளவு என்ற சராசரிதான். கிரிக்கெட்டில் 10 பந்தில் 25 அடித்தவரின் ஸ்ட்ரைக் ரேட்டை, 60 பந்து நின்று ஆடியவரோடு ஒப்பிட்டால் எப்படி இருக்கும்? அதேதான் இங்கும். 12 பாஸ் போட்டவருக்கு ஒரே ஒரு நீளமான டச் டவுன் போதும், ரேட்டிங் எகிறிவிடும். போதாததற்கு, பந்தை வீசுமுன்பே மடக்கி வீழ்த்தப்படும் சாக் இந்தக் கணக்கிலேயே வராது.

சரி, கட்டுப்படுத்துவதே தப்பா? இல்லை. 2004-இல் புதுமுகமாக வந்த பென் ராத்லிஸ்பெர்கர் அந்த சீசன் முழுவதும் 295 பாஸ்தான் வீசினார். வழக்கமான சீசனில் அவர் தொடங்கிய 13 ஆட்டங்களிலும் பிட்ஸ்பர்க் வென்றது. ஆனால் அந்த அணியிடம் லீக்கிலேயே மிகக் குறைந்த புள்ளிகளைக் கொடுத்த தற்காப்பு இருந்தது. அது இல்லாத அணி இதை அப்படியே காப்பியடித்தால் சீக்கிரமே மாட்டிக்கொள்ளும்.

பயிற்சியாளர்கள் கோட்டை விடுவது பாஸ்களின் எண்ணிக்கையில் அல்ல, எப்போது குறைக்கிறார்கள் என்பதில். 10 கெஜம் முன்னேற ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் ஒவ்வொன்றும் ஒரு டவுன். இளம் குவார்ட்டர்பேக்கைக் காப்பாற்றுகிறோம் என்று முதல் இரண்டு டவுனிலும் ரன். 1 கெஜம், அப்புறம் 2 கெஜம். மூன்றாவது டவுனில் இன்னும் 7 தேவை, இப்போது அவன் பாஸ் போட வேண்டும். அது மைதானத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். தற்காப்பின் முன்வரிசை ரன்னைப் பற்றி யோசிக்காமல் நேராக அவன் மேல் பாய்கிறது. முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தற்காப்பு வீரர்களான லைன்பேக்கர்கள் பந்து கிளம்பும்போதே பின்னால் போய் நடுப்பகுதியை அடைத்துவிடுகிறார்கள். ஆட்டத்திலேயே கடினமான பாஸ்களை மட்டும் அவனுக்கு ஒதுக்கிவிட்டு, பையன் தேறவில்லை என்கிறோம். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இதே பாஸை முதல் டவுனில் போட்டால் நிலைமையே வேறு. ரன் வரலாம் என்ற சந்தேகத்தில் லைன்பேக்கர் ஒரு அடி முன்னே வைக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் திறக்கும் அந்த இடம்தான் இளம் குவார்ட்டர்பேக்குக்கு எளிதான இலக்கு. ரன் போல் போக்குக் காட்டும் ப்ளே ஆக்‌ஷன் பலிக்க, முதலில் நிறைய ஓடிக் காட்ட வேண்டும் என்று நம்புகிறார்கள். ஆட்டங்களின் தரவுகளை அலசியவர்களுக்கு அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. ஆட்டத்தின் முதல் டவுனிலேயே அதைப் போடலாம்.