'பெண்களை வெறுக்கும் ஆண்கள்': இந்த நாவலை எப்படிப் படிப்பது

'தி கேர்ள் வித் த டிராகன் டாட்டூ' நாவலைக் கையில் எடுத்ததும் முதலில் அந்தத் தலைப்பை மறந்துவிடுங்கள். ஸ்டீக் லார்சன் ஸ்வீடிஷ் மொழியில் வைத்த தலைப்புக்கு 'பெண்களை வெறுக்கும் ஆண்கள்' என்றுதான் அர்த்தம். 2004-ல் அவர் இறந்துபோனார், புத்தகம் வந்தது 2005-ல், பிறகு ஆங்கிலத்துக்குப் போனபோது ஆண்கள் காணாமல் போய், பச்சை குத்திய பெண் மட்டும் அட்டைக்கு வந்துவிட்டாள். பழைய தலைப்பை மனதில் வைத்துப் படித்தால், பெரிய வீடுகளிலும் ஆபீஸ்களிலும் கோட்டு சூட்டோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் மேல் ஆரம்பத்திலிருந்தே உங்கள் கண் இருக்கும்.

முதல் நூறு பக்கம் கொஞ்சம் இழுக்கும். பத்திரிகையாளர் ப்ளூம்க்விஸ்ட் மேல் அவதூறு வழக்கு, கம்பெனி, பணம் என்று ஓடும். நானும் அங்கேதான் ஒரு தடவை மூடி வைத்தேன். வேகமாகப் புரட்டிக்கொண்டு போங்கள், பரவாயில்லை. ஆனால் வாங்கர் என்ற பணக்காரத் தொழிலதிபர் குடும்பம் கதைக்குள் வந்ததும் நிதானமாகப் படிக்க வேண்டும். 1966-ல் அந்தக் குடும்பத்தின் 16 வயது ஹேரியட் ஒரு தீவிலிருந்து காணாமல் போகிறாள், அன்று அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள், யார் யாருக்கு அண்ணன், யார் சித்தப்பா என்று குழம்பிவிடும், அதனால் குடும்ப மரம் போட்டிருக்கும் பக்கத்தில் ஒரு சீட்டைச் செருகி வையுங்கள்.

அப்புறம், ஹேரியட்டின் டைரியின் பின்பக்கத்தில் ஒரு குறிப்பு வரும். மக்டா, சாரா, ஆர்.ஜே., ஆர்.எல்., மாரி என்று ஐந்து வரி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஐந்து இலக்க எண். விசாரித்த போலீஸ்காரர் அதை போன் நம்பர் என்று நினைத்து வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர். அந்த ஐந்து வரியையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், விடையை நெட்டில் தேடாதீர்கள். விடை தெரிந்த பிறகு ஒவ்வொரு வரியும் ஒரு பெண் என்பது உறைக்கும்.

இப்போது கஷ்டமான பகுதி. அட்டைக்கு வந்த அந்தப் பச்சை குத்திய பெண், லிஸ்பெத் சாலண்டருக்கு வயது 24, ஆனால் சட்டப்படி அவளுக்கு ஒரு பாதுகாவலர் உண்டு, கம்ப்யூட்டர் வாங்கத் தன் சொந்தப் பணத்தையே அவரிடம் போய்க் கேட்க வேண்டிய நிலை. அந்த ஆள் அதை எப்படிப் பயன்படுத்திக்கொள்கிறான் என்பது இரண்டாம் பகுதியில் வருகிறது, எழுத்து எதையும் மறைக்காது. ராத்திரி தூங்கப் போகும் முன் அதைப் படிக்காதீர்கள், பகலில் படியுங்கள், முடியவில்லை என்றால் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடுங்கள், அங்கே என்ன நடந்தது என்று தெரிந்தால் போதும், கதை விட்டுப்போகாது. உங்களுக்கே அப்படி ஏதாவது நடந்திருந்தால் தாண்டுவதுதான் சரி, அதற்காக யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

'இவள் ஏன் போலீஸுக்குப் போகவில்லை?' அந்த இடத்தில் நிறையப் பேர் இப்படித்தான் கேட்கிறார்கள். இதைக் கேட்கத் தோன்றினால் அவளைப் பற்றி அதிகாரிகள் எழுதிவைத்த குறிப்புகள் வரும் பக்கங்களைத் திரும்பப் படியுங்கள். பள்ளி, மருத்துவர், நீதிமன்றம் என்று எல்லாரும் அவளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், அவள் சொல்வதைக் கேட்டவர்கள்தான் மிகக் குறைவு. யார் குற்றவாளி என்று யூகிக்கிற நேரத்தில் பாதியை, இந்தப் பெண் யாரிடம் போய்ச் சொல்லியிருக்க முடியும் என்று யோசிக்கக் கொடுங்கள். ஹேரியட்டுக்கும் அதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள்.

நான்கு பகுதிகளின் தொடக்கத்திலும் ஸ்வீடன் பெண்களைப் பற்றி ஒரு வரி இருக்கும், கதைக்குள் போகிற அவசரத்தில் கண் அதைத் தாண்டிவிடும். முதல் வரி, 18 சதவீதப் பெண்கள் எப்போதாவது ஓர் ஆணால் மிரட்டப்பட்டவர்கள் என்கிறது. இரண்டாவது, 46 சதவீதம் பேர் ஆணின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்கிறது. நான்காவது, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களில் 92 சதவீதம் பேர் கடைசியாக நடந்ததைப் போலீஸில் சொல்லவில்லை என்கிறது. லிஸ்பெத்தின் பக்கங்களைப் படித்துவிட்டு அந்த 92-க்கு வரும்போது அது வெறும் எண்ணாக இருக்காது.

முடித்ததும் புத்தகத்தை மூடாமல் முதல் அத்தியாயத்துக்கு முன்னால் வரும் முன்கதைக்குத் திரும்புங்கள், சில பக்கம்தான். 82-வது பிறந்தநாளில் ஒரு கிழவருக்குச் ஃப்ரேம் போட்ட பூ ஒன்று தபாலில் வருகிறது, வருஷா வருஷம் வருகிற மாதிரியே. அவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரருக்கு போன் போடுகிறார், பிறகு அழுகிறார். முதல் தடவை அது ஒரு கிழவரின் துக்கமாகத்தான் தெரிந்திருக்கும். இப்போது அந்தப் பூவை அனுப்பிய கை யாருடையது என்று தெரிந்து படிக்கிறீர்கள்.